சென்னையில் வேலை, கும்பகோணத்தில் கல்யாணம்: இருவரும் சேர்ந்து மண்டபம் பார்க்கப் போகிறீர்களா?

நிச்சயம் முடிந்த கையோடு பெரும்பாலான வீடுகளில் சொந்தக்காரர் ஒருவர் மண்டபம் பார்க்கப் போவார். மேடையை நாலு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புவார். "நல்லாத்தான் இருக்கு, அட்வான்ஸ் குடுத்துடலாமா?" என்று கேட்பார். சென்னையிலோ பெங்களூரிலோ ஆபீஸில் இருக்கும் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவைப் பார்த்து சரி என்பார்கள். ஆனால் மேடையால் எந்தக் கல்யாணத்திலும் சண்டை வந்ததில்லை. பந்திக்கு இடம் கிடைக்காமல் பெரியவர்கள் நின்றுகொண்டே இருப்பது, முகூர்த்த நேரத்தில் கரண்ட் போய் ஏசி வராதது, கை கழுவத் தண்ணீர் நின்றுபோவது, கணக்கு முடிக்கும்போது ஜெனரேட்டர் பில் எகிறுவது என்று மனக்கசப்பு வருகிற இடங்களே வேறு. இவற்றில் எதையும் போட்டோவில் பார்க்க முடியாது. அதனால்தான் இருவரும் ஒரு தடவையாவது நேரில் போக வேண்டும் என்கிறோம். கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை வட்டாரத்தை உதாரணமாக வைத்து எழுதியிருக்கிறோம். மற்ற ஊர்க்காரர்கள் ஊர்ப் பெயரையும் ரயிலையும் மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

ஜோசியரிடமோ குடும்பப் புரோகிதரிடமோ ஒரே ஒரு முகூர்த்தம் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். மூன்று தேதி கேளுங்கள். ஆடியும் மார்கழியும் கிடையாது. பல வீடுகளில் புரட்டாசியும் வேண்டாம் என்பார்கள். மீதி மாதங்களில் வரும் வளர்பிறை முகூர்த்தங்களிலும், அதிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும்தான் ஊரே கல்யாணம் வைக்கிறது. அப்படிப்பட்ட தேதிக்கு நல்ல மண்டபம் வேண்டுமென்றால் எட்டு, பத்து மாதம் முன்பே பிடிக்க வேண்டும். பெரியவர்கள் ஒத்துக்கொண்டால் தேய்பிறை முகூர்த்தத்தையோ வாரநாளையோ மூன்றில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பேசும்போதும் அது கைகொடுக்கும்.

அடுத்தது தலைக்கணக்கு. "எப்படியும் ஆயிரம் பேர் வருவாங்க" என்பது கணக்கே அல்ல. இரண்டு வீட்டிலும் நோட்டுப் போட்டு உள்ளூர்க்காரர், பக்கத்து ஊரிலிருந்து அன்றே வந்து திரும்புபவர், முதல் நாளே வந்து தங்குபவர் என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றுக்கு இரண்டு மூன்று பேர் வருவார்கள், வெளியூர்ப் பத்திரிகைக்கு ஒருவர் அல்லது இருவர். சென்னையில் தனியாக ஒரு ரிசப்ஷன் வைப்பதா வேண்டாமா என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அலுவலக நண்பர்கள் மொத்தமும் அந்தக் கணக்குக்குப் போய்விட்டால், ஊரில் பார்க்க வேண்டிய மண்டபத்தின் அளவே மாறிவிடும்.

பணம் யார் கொடுப்பது என்ற பேச்சும் கிளம்பும் முன்பே முடிந்திருக்க வேண்டும். மண்டப வாடகை பெண் வீட்டாருடையதா, பாதிப்பாதியா, ரிசப்ஷன் செலவு மட்டும் மாப்பிள்ளை வீட்டாருடையதா என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு போனால்தான் மேனேஜர் முன்னால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்காமல் இருப்பீர்கள். இரண்டு வீட்டுக்கும் போன் பேசாமல் அங்கேயே அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்றும் உங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நாளில் போவது

காலியாக இருக்கும்போது எல்லா மண்டபமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது பார்த்தால்தான் அதன் உண்மை நிலை தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் உள்ள ஒரு வாரக்கடைசியைத் தேர்ந்தெடுத்து வெள்ளி இரவு கிளம்புங்கள். சனிக்கிழமை பகலில் மண்டபங்களைக் காலியாகப் பாருங்கள். பிடித்த இரண்டை மட்டும் அன்று இரவு ஏழரை எட்டு மணிக்கு, ரிசப்ஷன் நடக்கும்போது இன்னொரு தடவை பாருங்கள். மேனேஜரிடம் முன்கூட்டியே, "அண்ணே, சாயங்காலம் ஒரு பத்து நிமிஷம் வெளியில நின்னு பார்த்துட்டுப் போயிடறோம்" என்று சொல்லிவிட்டால் போதும், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் வண்டிகள் எங்கே நிற்கின்றன, பந்திக் கதவருகே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், ஏசி ஓடியும் கூடம் புழுங்குகிறதா, கை கழுவும் இடத்தில் தரை எப்படி இருக்கிறது என்ற நான்கையும் கவனியுங்கள்.

முகூர்த்த வாரக்கடைசியில் ரயில் டிக்கெட்டும் லாட்ஜும் கிடைப்பது கஷ்டம். கும்பகோணத்தில் நவக்கிரகக் கோயில்களுக்கு வருகிற கூட்டமும் சேர்ந்துகொள்ளும். இதற்குத் தேதியை முன்கூட்டியே குறித்துவிடுவதுதான் ஒரே வழி.

போக்குவரத்து

எழும்பூர் தஞ்சாவூர் உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடியற்காலை கும்பகோணத்தில் இறக்கிவிடும். பகலில் போவதானால் சோழன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆனால் அதில் போனால் ஒரு நாள் போய்விடும். முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. போகும் டிக்கெட்டைவிட ஞாயிறு இரவு திரும்பும் டிக்கெட்டுக்குத்தான் அடிதடி, அதை முதலில் போடுங்கள். தத்காலை நம்பினால், முந்தின நாள் காலை ஏசி வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புக்கு 11 மணி. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருந்தால்தான் தத்கால் எடுக்க முடியும், அதைக் கடைசி நிமிஷத்தில் செய்ய முடியாது. பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும்.

ஊருக்குள் ஆட்டோ பிடித்துப் பிடித்துச் சுற்றாதீர்கள். ஒரு நாள் வாடகைக்குக் கார் எடுத்துவிடுங்கள். 8 மணி நேரம், 80 கிலோமீட்டர் என்ற கணக்கில் பேசுவார்கள். அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கும் மணிக்கும் தனி, டிரைவர் பேட்டா தனி. ஒரு நாளில் ஒரே திசையில்தான் போக வேண்டும். மேற்கே போனால் சுவாமிமலை, பாபநாசம், தஞ்சாவூர். கிழக்கே போனால் திருபுவனம், ஆடுதுறை, குத்தாலம், மயிலாடுதுறை. இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் மண்டபம் பார்க்கும் நேரம் சாலையிலேயே போய்விடும். கிழக்குப் பக்கம் போகிறவர்கள் திருபுவனத்தில் பட்டுப்புடவைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், எப்படியும் எடுக்கத்தானே போகிறீர்கள்.

ஒரு மண்டபத்துக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். நாளொன்றுக்கு நாலு போதும். ஐந்தாவது மண்டபத்தில் நின்றுகொண்டு முதல் மண்டபத்தின் பாத்ரூமைப் பற்றி வாக்குவாதம் செய்வீர்கள்.

தங்குவது

கல்யாணத்துக்கு முன் இருவர் சேர்ந்து வெளியூர் போவது பல வீடுகளில் இன்னும் லேசான விஷயமில்லை. பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள் என்று சொல்ல அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், சமையல்கட்டையும் ஸ்டோர் ரூமையும் பார்த்த மாத்திரத்தில் குறை சொல்ல அத்தைக்கோ சித்தப்பாவுக்கோதான் தெரியும். கல்யாணமாகாத இருவர் ஓட்டலில் அறை எடுப்பதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றமும் 2019ல் இதைச் சொல்லியிருக்கிறது. ஆனாலும் அறை தருவதும் தராததும் அந்தந்த லாட்ஜின் விதி. ராத்திரி நேரத்தில் ரிசப்ஷன் மேஜை முன் நின்று சட்டம் பேசுவது வீண் வேலை. புக் செய்யும்போதே போனில் கேட்டுவிடுங்கள், இரண்டு அறையாகப் போடுங்கள், இருவரின் அசல் அடையாள அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

தங்கும் லாட்ஜையும் சும்மா விடாதீர்கள். உங்கள் வெளியூர்ச் சொந்தங்கள் நாளை தங்கப்போவது அங்கேயாகவும் இருக்கலாம். வெந்நீர் எத்தனை மணி முதல், லிப்ட் உண்டா, வேன் நிற்குமா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குள்: சாப்பாட்டுக் கூடத்திலிருந்து ஆரம்பியுங்கள்

மேனேஜர் உங்களை முதலில் மேடைக்குத்தான் அழைத்துப் போவார். நீங்கள் நேராக டைனிங் ஹாலுக்குப் போங்கள். "ஐந்நூறு பேர் சாப்பிடலாம்" என்பதை நம்பாதீர்கள், நாற்காலிகளை எண்ணுங்கள். ஓர் இலைக்கு இரண்டடி வேண்டும். 40 அடி மேஜை வரிசையில் 20 பேர்தான். 25 பேர் என்று சொன்னால் முழங்கை இடிக்கும், பரிமாறுகிறவர் குழம்பைத் தோளில் ஊற்றுவார். வரிசைகளுக்கு நடுவே வாளியோடு இருவர் எதிரெதிரே வந்தால் விலகிப் போக முடிகிறதா என்று நீங்கள் இருவருமே நடந்து பாருங்கள்.

இனி உங்கள் தலைக்கணக்கை வைத்துப் போடுங்கள். ரிசப்ஷன் சாப்பாடு இரவு 7 முதல் 10 வரை, மூன்று மணி நேரம். சாப்பிட 35 நிமிஷம், இலை எடுத்து மேஜை துடைத்துப் புது இலை போட 10 நிமிஷம் என்றால் நான்கு பந்தி ஓடும். 800 பேர் வருவார்களென்றால் 200 இருக்கை வேண்டும். ஆனால் யாரும் அளந்து வைத்தாற்போல் வர மாட்டார்கள். பாதிப் பேர் எட்டிலிருந்து ஒன்பதுக்குள் வந்து சேருவார்கள். ஆகவே 250 இருந்தால் நிம்மதி. 150தான் இருக்கிறதென்றால் எவ்வளவு அழகான மண்டபமாக இருந்தாலும் உங்களுக்கு அது வேண்டாம். பந்திக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஓர் இடமாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படி இடம் இல்லாத மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னாலேயே அடுத்த பந்திக்காரர் வந்து நிற்பார், அதைவிட அவமரியாதை வேறில்லை.

சமையல்கட்டும் டைனிங் ஹாலும் ஒரே தளத்தில் இருப்பது நல்லது. கீழே சமைத்து மாடியில் பரிமாறுகிற அமைப்பு என்றால் சாப்பாடு ஏற்ற லிப்ட் உண்டா, அது ஓடுகிறதா என்று பாருங்கள். கொதிக்கிற சாம்பார் அண்டாவைப் படிக்கட்டில் தூக்குவது ஆபத்து, ரசம் வந்து சேருவதற்குள் மோரே கேட்டுவிடுவார்கள். புகை வெளியேற வழி, காய் நறுக்க இடம், பூட்டுப் போடக்கூடிய ஸ்டோர் ரூம் ஆகியவற்றை உங்களோடு வந்த பெரியவர் பார்க்கட்டும். மண்டபத்துப் பாத்திரத்தைப் பயன்படுத்துவதானால் அண்டா முதல் கரண்டி வரை பட்டியல் போட்டு, எண்ணி வாங்கி, எண்ணி ஒப்படைக்க வேண்டும். காணாமல் போன கரண்டிக்கெல்லாம் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

தண்ணீரைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். ஒருவர் கை கழுவும் இடத்தில் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்து விடுங்கள். அதே நேரத்தில் இன்னொருவர் மேல்மாடி அறையில் ஷவரைத் திறந்து விடுங்கள். இரண்டில் ஒன்று சொட்ட ஆரம்பித்தால், முகூர்த்தக் காலை நாலு மணிக்கு எல்லா அறையிலும் குளிக்கும்போது என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. குடிநீர் கேனா, பாட்டிலா, யார் பொறுப்பு என்பதும் கேள்வியில் சேரட்டும். 800 பேருக்கு ஒரு வேளைக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்றாலே 20 லிட்டர் கேன் 20 வேண்டும்.

கரண்ட்

அதிகம் ஏமாறுவது இங்கேதான். "ஜெனரேட்டர் இருக்கு" என்றால் அது விளக்குக்கும் பேனுக்கும் மட்டுமா, ஏசிக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். ஏசிக்கு எடுக்காது என்றால் வைகாசி மாதக் கல்யாணத்தில் பத்து நிமிஷத்தில் கூடம் அடுப்பாகிவிடும். கரண்ட் போனால் தானாக மாறுமா, ஆள் ஓடிப் போய்ப் போட வேண்டுமா? ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மின்கட்டணம் யூனிட் கணக்கா, மொத்தத் தொகையா? யூனிட் என்றால் என்ன விலை? ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். 60 டன் ஏசி 10 மணி நேரம் ஓடினால் 600 யூனிட். யூனிட் 20 ரூபாய் என்று சொல்கிறார்களென்றால் ஏசிக்கே 12,000 ரூபாய். சில மண்டபங்களில் வாடகைக்குள் இத்தனை மணி நேரம் ஏசி என்று வரம்பு வைத்திருப்பார்கள், அந்த மணி நேரம் எப்போது ஆரம்பிக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கல்யாணத்தன்று சாவி வாங்கும்போது ஈபி மீட்டரையும் ஜெனரேட்டர் மீட்டரையும் போனில் படம் எடுத்துவிட்டு, ஒப்படைக்கும்போது மறுபடி எடுக்க ஓர் ஆளை இப்போதே நியமித்துவிடுங்கள். அன்றைக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

மேடை, அறைகள், வாசல்

மணமக்கள் கிழக்கு முகமாக உட்கார இடம் இருக்கிறதா என்று போனில் உள்ள காம்பஸை வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹோமம் வளர்க்க அனுமதி உண்டா, மேடைக்கு மேல் புகை போக வழி உண்டா? முழுக்க ஏசிக்காக அடைத்த கூடங்களில் புகை சுற்றிச் சுற்றி வந்து தாலி கட்டும் நேரத்தில் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டிருப்பார்கள். கூடத்தின் இரண்டு ஓரங்களிலும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள், தூண் மறைத்தால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள்.

அறைகளில் எண்ணிக்கையைவிட, வாடகைக்குள் எத்தனை என்பதுதான் கேள்வி. பெண் அறைக்குள்ளேயே பாத்ரூம், நல்ல வெளிச்சமுள்ள கண்ணாடி, மூன்று நாலு பிளக் பாயிண்ட், உள்ளேயும் வெளியேயும் சரியாகப் பூட்டுகிற கதவு இருக்க வேண்டும். தரைத்தளத்தில் வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்றாவது வேண்டும். முழங்கால் வலிக்காரர் இல்லாத கல்யாணம் ஏது?

வண்டி நிறுத்த, வழியும் சேர்த்து ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் என்று வையுங்கள். 80 காருக்கு ஏறக்குறைய 50 சென்ட் வரும். கோயில்களை ஒட்டிய பழைய தெருக்களில் உள்ள மண்டபத்துக்கு வேனும் பஸ்ஸும் வராது, சொந்தக்காரர்களை எங்கே இறக்கிவிடுவது என்று பாருங்கள். மாப்பிள்ளை அழைப்பு எந்தக் கோயிலிலிருந்து, எந்தத் தெரு வழியாக என்று நடந்தே பார்த்துவிடுவது நல்லது. இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது, கச்சேரியை அதற்குள் முடிக்கும்படி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகைக் கல்யாணமானால், பக்கத்துக் கடைக்காரரிடம் "மழை பெய்ஞ்சா இந்த ரோட்ல தண்ணி நிக்குமாண்ணே?" என்று கேளுங்கள். டெல்டாவில் இந்தக் கேள்விக்கு மேனேஜரைவிட டீக்கடைக்காரர் சரியாகப் பதில் சொல்வார்.

வாடகை பேசுவது

பார்க்கும்போதே "சூப்பரா இருக்கு" என்று சொல்லிவிடாதீர்கள். ஒருவர் பேசட்டும், இன்னொருவர் எழுதட்டும். வாடகை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்பதுதான் முதல் கேள்வி. வழக்கமாக முதல் நாள் மதியம் மூன்று மணி முதல் மறுநாள் மூன்று மணி வரை. உங்கள் ரிசப்ஷன் நாளன்றும் காலையில் முகூர்த்தம் உண்டா என்று காலண்டரில் பாருங்கள். இருந்தால், முந்தின பார்ட்டி காலி செய்வதற்கும் உங்கள் டெக்கரேஷன் முடிவதற்கும் நடுவே மூன்று மணி நேரம்கூடக் கிடைக்காது. மேடைப் பின்னணி அலங்காரம் பாதியில் நிற்கும்போதே விருந்தாளிகள் வர ஆரம்பிப்பது இதனால்தான்.

அடுத்து, வெளியிலிருந்து சமையல்காரரும் டெக்கரேஷன்காரரும் வரலாமா? வந்தால் தனிக் கட்டணமா? இதை மறைத்துவிட்டுக் கடைசியில் சொல்லும் இடங்கள் உண்டு. வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. 2 லட்சம் என்று பேசினால் பில் 2,36,000. வாடகை, ஜிஎஸ்டி, மின்சாரம், ஜெனரேட்டர், துப்புரவு, குப்பை, பாத்திரம், கூடுதல் அறை எல்லாவற்றையும் கூட்டி இரண்டு மண்டபங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை குறைவான மண்டபம் மொத்தத்தில் அதிகமாக வருவது சர்வ சாதாரணம்.

அட்வான்ஸ்

இரவு அறைக்குத் திரும்பியதும் அன்றே பேசி முடியுங்கள், சென்னை வரை தள்ளிப்போட வேண்டாம். முடிவு சொல்ல இரண்டு மூன்று நாள் தேதியைப் பிடித்து வைப்பார்களா என்று கேட்டிருந்தால் வீட்டாரோடு பேச அவகாசம் கிடைக்கும்.

பணத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள். ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் நாட்களில் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமில்லாமல் எடுத்துப் போனால் பறக்கும் படை நிறுத்தும். ரசீதில் ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியும் கிழமையும் இருக்கட்டும். தேதி மாறிப் பதிவாகிற குழப்பம் இதில் அகப்பட்டுவிடும். சாவி தரும் நேரம், அறைகளின் எண்ணிக்கை, யூனிட் விலை, ஏசி மணி நேரம், வெளியாட்களுக்கு அனுமதி எல்லாவற்றையும் ரசீதின் பின்பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டில் துக்கம் நேர்ந்தால் ஒரு முறை தேதி மாற்றிக்கொள்ள விடுவார்களா, ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதையும் கேட்கத் தயங்காதீர்கள். அபசகுனம் என்று நினைத்து இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் பிறகு நடையாய் நடக்கிறார்கள்.

ரசீது, அழைப்பிதழ் இரண்டையும் கல்யாணம் முடிந்த பிறகும் பத்திரமாக வையுங்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் மேலும் 60 நாள், கூடுதல் கட்டணத்தோடு. கல்யாணம் எங்கே நடந்தது என்பதற்கு அத்தாட்சியாக சார்பதிவாளர் அலுவலகத்தில் இவை உதவும்.

அட்வான்ஸ் கொடுத்த அன்றே, கல்யாணத்துக்கு முந்தின இரவுக்கு லாட்ஜில் அறைகளையும் சொல்லிவிடுங்கள். தங்குபவர் 60 என்றால் மூன்று பேருக்கு ஓர் அறை வீதம் 20 அறை; மண்டபத்தில் உள்ளதைக் கழித்துவிட்டு மீதியைப் பேசுங்கள். அதே முகூர்த்தத்துக்கு ஊரில் இன்னும் பல கல்யாணங்கள் இருக்கும், அவர்களும் அதே லாட்ஜுகளுக்குத்தான் போன் செய்வார்கள்.